கொற்கையைத் தூர்த்த மணல்

கொற்கைத் துறையின் அழிவைப் பாண்டியரின் ஏற்றத்தாழ்வோடு மட்டும் பிணைக்கும் மரபை நாம் ஏற்பதற்கில்லை. கடலை அணுகி வேகமிழந்த பொருநை, தான் சுமந்த மணலை முகத்துவாரத்தில் இறக்குகின்றது. நீரடியில் அது மேடாகின்றது. மென்சரிவில் நீரோட்டம் ஏற்றிய துகள்கள் மறுபுறச் செங்குத்தில் விழ, மேடே நகர்கின்றது. அலைகள் அதனை மீண்டும் கரைநோக்கித் தள்ளுகின்றன. இவ்வாறே கடல் விலகிற்று. மார்க்கோ போலோ கண்ட காயலும் பின்னர் உள்நாடாயிற்று. கால்டுவெல் 1881இலேயே இவ்வண்டலைச் சுட்டினார்.

எனினும் மணல் துறையை இடம்பெயர்த்ததேயன்றி உற்பத்தி உறவுகளை மாற்றவில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டின் பெரிப்ளுஸ், கொற்கையில் முத்துக் குளித்தோர் தண்டனைக் கைதிகள் என்கின்றது. முத்தின் புகழ் பேசும் நம் ஆய்வாளர் பலர் இவ்வரியை விரைந்து கடப்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காட்டுவதோ வணிகர் கூலிக்கு அமர்த்திய குளிப்பாளரை. முத்தில் பத்திலொன்று அரசனுக்கு. இருபதிலொன்று சுறாவை மந்திரத்தால் கட்டுவோருக்கு.