நெவா நதிக்கரை – 14
பிறப்புப் பதிவேட்டில் ஒரு பள்ளம்

லடோகா ஏரி உறைந்து, 1941 நவம்பர் 22 அன்று முதல் லாரி வரிசை பனிமீது புறப்பட்ட கதையைத்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். அதற்குள் ஆன்டனோவ் என்ற டாக்டர் குறுக்கே வந்துவிட்டார். லாரிகள் அடுத்த வாரம்.

முற்றுகையில் சிக்கிய லெனின்கிராடில் பிறந்த குழந்தைகளுக்குக் கணக்கு வைத்தவர் அவர். சாவுக் கணக்கை அந்த ஊரில் நம்ப முடியாது. மாதத் தொடக்கத்தில் பாட்டி இறந்தால் மாதக் கடைசிவரை வெளியே மூச்சு விடமாட்டார்கள். உடல் குளிர்ந்த அறையில் கிடக்கும். பேத்தி பாட்டியின் ரேஷன் அட்டையோடு ரொட்டிக்கு வரிசையில் நிற்பாள். நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை அந்த அட்டைக்குக் கிடைத்தது நாளுக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் முழுக்க மாவு இல்லை.

பிறப்பை யார் மறைக்கப் போகிறார்கள்? பதிந்தால் புது அட்டை.

ஆன்டனோவின் குழந்தை மருத்துவமனையில் 1942இன் முதல் ஆறு மாதங்களில் 414 பிரசவங்கள். அடுத்த ஆறு மாதங்களில் வெறும் 79! இத்தனைக்கும் அப்போது ரொட்டி அளவு கூடிவிட்டிருந்தது. முதல் பாதியில் பிறந்தவை பஞ்சம் முற்றுவதற்கு முன்பே கருவானவை. அவற்றிலும் நூற்றுக்கு 41 குறைப்பிரசவம். எடை அரைக் கிலோவுக்கு மேல் குறைவு. அந்தக் குளிர்காலத்தில் பெண்களுக்கு மாதவிடாயே நின்றுபோனது. ஆண்களோ போர்முனையில், இல்லையென்றால் கல்லறையில். ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட பெண்களும் உண்டு. ஆக, டிசம்பர் பட்டினி பிறப்பேட்டில் ஏறியது ஒன்பது மாதம் கழித்து. அப்போதும் பெற்றவர்களில் கணிசமானோர் உணவுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் என்பதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஆன்டனோவின் கட்டுரை 1947இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. என்னைக் கேட்டால், தளபதிகளுக்குச் சிலை வைத்த ஊர் இவருக்கும் ஒன்று வைத்திருக்கலாம்.

நியூரம்பெர்க் விசாரணையில் சோவியத் தரப்பு கொடுத்த பட்டினிச் சாவுக் கணக்கு 6,32,253. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் எட்டு லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள். மாஸ்கோ பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தது. முற்றுகை அருங்காட்சியகத்தையும் 1949இல் மூடியது. பட்டினி போட்ட ஹிட்லரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவன் வில்லன்தான். ஆனால் செத்தவர்களின் கணக்கைப் பூட்டிவைத்த ஸ்டாலினை என்னால் மன்னிக்க முடியவில்லை.

(தொடரும்)