ஓய்வுநாளின் இரண்டு இதழ்கள்

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் ஆறு நாள் வேலை. பத்திரிகையைப் பிரித்து உட்கார ஞாயிறு ஒன்றுதான் வாய்த்தது. கர்த்தரின் நாளில் செய்தித்தாள் விற்பதா என்று மதப்பற்றாளர்கள் கடிந்துகொண்டும் ஞாயிறு இதழ்கள் பெருகியதற்கு அந்த ஓய்வே காரணம். அவற்றுள் 'அப்சர்வர்', 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' இரண்டையும் ஒப்பிட்டால், வாசகரை மதிப்பது என்றால் என்ன என்பது விளங்கும்.

அப்சர்வர் 1791 டிசம்பர் 4 அன்று லண்டனில் பிறந்தது. இன்றும் வெளிவரும் ஞாயிறு இதழ்களில் உலகிலேயே மூத்தது. தொடங்கிய டபிள்யூ. எஸ். போர்ன் பணம் கொழிக்கும் என்று நம்பினார். மூன்றே ஆண்டில் 1,600 பவுண்டு கடனாளி ஆனார். அதன் பின் அரசிடம் பணம் வாங்கிக்கொண்டு அரசுக்குச் சாதகமாக எழுதிய காலமும் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்த இதழின் பெருமையைப் பேசுவது முறையல்ல.

நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் 1843 அக்டோபர் 1 அன்று வந்தது. விலை 3 பென்ஸ். ஜான் பிரவுன் பெல் அதை உழைக்கும் மக்களுக்காகவே நடத்தினார். கொலை வழக்கு, விவாகரத்து, பாதிரியாரின் ஒழுக்கக்கேடு என்று நீதிமன்றச் செய்திகள் பக்கங்களை நிறைத்தன. படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தச் சுளிப்பில் எனக்கு உடன்பாடில்லை. செய்தித்தாளையே தொடாத வீடுகளுக்குள் அச்செழுத்தைக் கொண்டுபோன இதழ் அது. 1950 வாக்கில் வாரத்துக்கு 80 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. ஒரு பிரதியை வீடே மாற்றி மாற்றிப் படித்தது என்றால், நாட்டில் அதைப் பார்க்காதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

அப்சர்வருக்கு அந்த எண்ணிக்கை கிட்டவே இல்லை. இருந்ததையும் அது பணயம் வைத்தது. 1956இல் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின் மீது பிரிட்டன் படையெடுத்தபோது, ஆசிரியர் டேவிட் ஆஸ்டர் அரசின் நேர்மையையே கேள்வி கேட்டுத் தலையங்கம் வெளியிட்டார். வாசகர்கள் பலர் விலகினர், விளம்பரதாரர்களும் போனார்கள். ஆஸ்டர் பின்வாங்கவில்லை. 1961 மே 28 அன்று பீட்டர் பெனன்சன் என்ற வழக்கறிஞர், கருத்துக்காகச் சிறைப்பட்டவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையை வெளியிட்டார். அந்தக் கட்டுரையிலிருந்துதான் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் முளைத்தது. ஞாயிறு காலை சாவகாசமாகப் படிக்கிறவரிடம் பொறுமையும் மனசாட்சியும் இருக்கும் என்று நம்பிய ஆசிரியர்தான் இப்படிப் பக்கம் ஒதுக்குவார்.

மற்ற இதழோ 1969இல் ரூபர்ட் மர்டாக் கைக்குப் போனது. அதற்காக வேலைசெய்தவர்கள், 2002இல் காணாமல் போய்க் கொலையுண்ட 13 வயதுச் சிறுமியின் செல்போன் குரல் அஞ்சலைத் திருட்டுத்தனமாகக் கேட்டிருந்தது 2011 ஜூலையில் அம்பலமானது. வெளிக்கொண்டுவந்தது, 1993 முதல் அப்சர்வரை நடத்திவந்த 'கார்டியன்'. பிரபலங்களின் அந்தரங்கத்தில் அந்த இதழ் மூக்கை நுழைத்ததைப் பொறுத்துக்கொண்ட வாசகர்களால் இதைப் பொறுக்க முடியவில்லை. அந்தச் சிறுமி அவர்கள் வீட்டுப் பிள்ளையைப் போன்றவள்.

அப்போதும் வாரத்துக்கு 25 லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த அந்த இதழ், 2011 ஜூலை 10 அன்று கடைசியாக வெளிவந்தது. அப்சர்வர் 2025இல் டார்ட்டாய்ஸ் மீடியா நிறுவனத்துக்குக் கைமாறி, ஞாயிறுதோறும் வந்துகொண்டிருக்கிறது.