பழைய மாத்திரை

திருச்சுழிப் பக்கம் கண்மாயில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். ஒதுங்க இடமில்லை. அடக்கி அடக்கி, கடைசியில் நீர்க்கடுப்பு. உடம்புச்சூடு என்று மோரும் வெந்தயமும். கேட்காவிட்டால் அருப்புக்கோட்டையில் ஏதாவது மருந்துக்கடையில் ரெண்டு சிப்ரோ.

என் அம்மாவும் அப்படித்தான். போன வருஷம் சிப்ரோ கேட்கவில்லை. டாக்டர் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு நைட்ரோபியூரன்டாயின் எழுதினார். ஐந்து நாளில் சரியானது.

புது வெர்ஷன்தான் நல்லது என்று நம்பும் தொழில் என்னுடையது. வரலாற்றைத் தேடினால், அம்மாவைக் குணப்படுத்தியது 1953இல் வந்த மருந்து. 1962இல் குளோரோகுயின் தயாரிப்பின் உபபொருளிலிருந்து நாலிடிக்ஸிக் அமிலம் பிறந்தது. அந்த வம்சத்தில் வந்த சிப்ரோ 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடம்பில் எங்கும் போய் வேலை செய்யும் என்பதால் டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு என்று எல்லாவற்றுக்கும் கொடுத்தோம்.

நீர்க்கடுப்பைத் தருவது பெரும்பாலும் நம் குடலில் வாழும் ஈ.கோலை. வேறு நோய்க்காக விழுங்கிய ஒவ்வொரு சிப்ரோவும் அதற்குப் பாடம் நடத்தியது. சில மரபணு மாற்றங்களிலேயே தப்பிக்கப் பழகிவிட்டது.

பழைய மாத்திரையோ சிறுநீரில்தான் செறியும். கிருமியைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்கும். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் உதவாது. அந்தக் குறைதான் அதைக் காப்பாற்றியது. காய்ச்சலுக்கு யாரும் கொடுக்கவில்லை.

போன வாரம் அம்மா போனில் கேட்டாள்: "அந்த மாத்திரை பேரென்னடா? உங்க சித்திக்குக் காய்ச்சலாம்."

பேரைச் சொல்லவில்லை. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போம்மா என்றேன்.