புதையலா, வெடிகுண்டா?

ஒரு பிளாஸ்டிக் டப்பா பத்திரிகையில ஒருநாள் புதையலாவும், இன்னொரு நாள் வெடிகுண்டு பீதியாவும் மாறின கதை இன்னைக்கு.

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவம் உருவாக்கினது. பொதுமக்களுக்கான சிக்னலை வேணும்னே கெடுத்துத்தான் அனுப்பினாங்க. 100 மீட்டர் வரைக்கும் தப்பு காட்டும். 2000 மே 2-ல அதை நிறுத்தினாங்க. மறுநாளே ஒரேகான்ல டேவ் உல்மர் ஒரு வாளியைப் பாதி புதைச்சுவச்சு, அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்துல போட்டார். வாளியில இருந்து ஒண்ணு எடுத்தா ஒண்ணு வைக்கணும். ஜியோகேஷிங் பிறந்தது இப்படித்தான்.

அதே அக்டோபர்ல நியூயார்க் டைம்ஸ் இதைப் பத்தி எழுதுச்சு. செயற்கைக்கோளை வச்சுப் புதையல் வேட்டைன்னா எந்த ஆசிரியர் வேணாம்பார்?

அடுத்து 2011 ஜூலை, இங்கிலாந்தின் வெதர்பி. காபிக்கடை வாசல்ல ஒருத்தர் சின்ன டப்பாவோட ஏதோ செய்றார்னு போலீசுக்குத் தகவல் போச்சு. தெருவைக் காலி பண்ணி, ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் டப்பாவை வெடிக்க வச்சாங்க. இப்போ செய்தியில அது 'மர்மப் பொருள்'.

பத்திரிகையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அடுத்தவங்க கண்ணுல படாம எடுக்கணும்ங்கிறதுதான் இந்த விளையாட்டோட சுவாரசியம். தூர நின்னு பார்க்கிறவருக்கு அதுவே சந்தேகம். ஆனா டப்பாவுக்குள்ள ஒரு குட்டி நோட்டு இருக்கும். கண்டுபிடிச்சவங்க பேரும் தேதியும் எழுதிட்டு, எடுத்த இடத்துலயே வச்சிடுவாங்க. அது செய்தியாகாது. செய்தித்தாளை மட்டும் புரட்டி வரலாறு எழுதினா, புதுமையும் பீதியும்தான் கிடைக்கும். மத்த நாளெல்லாம் அந்த நோட்டுலதான் இருக்கு.