புதுக்கோட்டையிலிருந்து அடையாறுக்கு: மலக்குடல் புற்றுநோய் அறுவையின் ஒரு தமிழக வரலாறு

தமிழ்நாட்டில் புற்றுநோய் அறுவை சிகிச்சை தனித்துறையாக வளர்ந்த கதை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் தொடங்குகிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று அங்கே பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வித்துறையைச் சேர்ந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறிய அந்தப் பெண், ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் இடம் கேட்டு விண்ணப்பித்தபோது ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. பெண் என்பதோடு தாய்வழிப் பிறப்பும் குறையாகச் சொல்லப்பட்டது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த ஆட்சேபங்களைத் தள்ளிவிட்டு அவரைச் சேர்க்க உத்தரவிட்டார்; உதவித்தொகையும் தந்தார். பிற்காலத்தில் பல்லாயிரம் நோயாளிகளுக்குப் பயன்பட்ட ஒரு மருத்துவமனைக்கு வழி திறந்தது அந்த ஒரு கையெழுத்துதான் என்றால் மிகையாகாது.

1907இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அறுவை மருத்துவம் அப்போதுதான் கிருமிகளின் பிடியிலிருந்து மெல்ல விடுபட்டுக்கொண்டிருந்தது. அறுவை நிபுணர் ஜோசப் லிஸ்டர் 1867இல் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைத் தூய்மைப்படுத்தும் முறையை வெளியிட்டிருந்தார். கருவிகளை நீராவியில் வேகவைப்பதும் ரப்பர் கையுறை அணிவதும் அதற்குப் பின் வந்த பழக்கங்கள். கை, கால் அறுவைகளில் இதன் பலன் விரைவில் தெரிந்தது. குடல் அறுவையில் அப்படி இல்லை. வெளியிலிருந்து வரும் கிருமியைத் தடுத்தாலும் பெருங்குடலுக்குள்ளேயே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. குடலை வெட்டியவுடன் அவை வயிற்றறைக்குள் சிந்தின, சீழ் பிடித்தது, கிருமித்தாக்கம் உடல் முழுதும் பரவியது.

அந்தக் காலத்தில் மலக்குடல் புற்றுநோய்க்கு ஆசனவாய்ப் பக்கமிருந்து மட்டும் கட்டியை வெட்டி எடுப்பதே வழக்கம். லண்டன் கேன்சர் ஹாஸ்பிட்டலின் அறுவை நிபுணர் எர்னஸ்ட் மைல்ஸ் தாம் அவ்வாறு சிகிச்சை அளித்த 57 நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார். அவர்களில் 54 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. கட்டி நிணநீர்ப் பாதைகள் வழியே மேல்நோக்கிப் பரவுவதைக் கண்டுகொண்ட அவர், வயிற்றின் வழியாகவும் கீழிருந்தும் சேர்ந்து அணுகி மலக்குடலை முழுவதுமாக அகற்றி, வயிற்றுச் சுவரில் நிரந்தரமாக ஒரு மலவாய் அமைக்கும் அறுவையை 1908இல் விவரித்தார். நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் இந்த அறுவைக்கு உட்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் வரை மருத்துவமனையிலேயே இறந்தார்கள். ரத்தம் ஏற்றும் வசதியும் ஆன்டிபயாட்டிக்கும் இல்லாத நாளில் அதிர்ச்சியும் கிருமித்தாக்கமும்தான் அவர்களைக் கொன்றன.

முத்துலட்சுமி 1912இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியின் அறுவை மருத்துவ வகுப்பில் பயின்ற முதல் பெண் மாணவி அவர்தான். பின்னர் சென்னை அரசு மகப்பேறு, கண் மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தார். ஹவுஸ் சர்ஜன் என்பவர் அன்றைக்குப் புத்தகப் படிப்பு முடித்து, மூத்தவரின் கண்பார்வையில் வார்டில் கிடந்து கற்றுக்கொள்பவர். இரவில் வரும் பிரசவம், புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, மயக்கம் தெளியும்வரை நோயாளியின் அருகில் இருப்பது எல்லாம் அவர் தலையில்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1889க்குப் பின் அறுவை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் இதையே படிப்படியாகப் பொறுப்பு கூடும் பல ஆண்டுப் பயிற்சியாக வகுத்திருந்தார். சென்னையில் அந்த முறை வேரூன்ற நெடுங்காலம் ஆயிற்று.

புற்றுநோய் முத்துலட்சுமியின் குடும்பத்துக்குள் நுழைந்தது 1923இல். அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அது சீதபேதி என்றே கருதப்பட்டிருந்தது. இந்தத் தவறு எப்படி நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் அது நேர்கிறது. மலக்குடலில் கட்டி இருந்தால் மலத்தோடு சளியும் ரத்தமும் கலந்து போகும். வெளிக்குப் போய்வந்த பின்னும் வயிறு சுத்தமாகாத உணர்வு இருக்கும். அடிக்கடி போகத் தோன்றும். அமீபா சீதபேதியிலும் இதே தொல்லைகள்தான். மூலத்திலும் ரத்தம் போகும். சீதபேதி சர்வசாதாரணமாக இருந்த ஊர்களில், அதுவும் இளவயதுப் பெண் ஒருவருக்கு, புற்றுநோய் என்ற நினைப்பே யாருக்கும் எழாது. மருந்து கொடுத்தால் சில நாள் தணிந்ததுபோலத் தோன்றவும் செய்யும். இத்தனைக்கும் மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டியைக் கையுறை அணிந்த ஒரு விரலால் தொட்டே அறியலாம். கருவி வேண்டாம், செலவில்லை, ஒரு நிமிடம் போதும். நோயாளியின் கூச்சமும் மருத்துவரின் தயக்கமும் சேர்ந்து அந்த ஒரு நிமிடத்தைத் தட்டிக்கழித்துவிடுகின்றன. அறுவைப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவருக்கு முதலில் பழக்க வேண்டியது இதுதான்.

1925இல் முத்துலட்சுமி மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். திரும்பிய பின் சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராகவும் துணைத்தலைவராகவும் இருந்து, தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடினார். புற்றுநோய் எண்ணம் அவரை விடவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்த 1935இல், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டத் தொடங்கினார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு அடையாறில் மருத்துவமனை திறக்கப்பட்டது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார், அடுத்த ஆண்டு டாக்டர் வி. சாந்தா சேர்ந்தார். 1957இல் கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி வந்தது.

கட்டடத்தையும் கருவியையும் விடப் பெரிய சாதனை பயிற்சியில் நிகழ்ந்தது. 1984இல் அடையாறில் புற்றுநோய் அறுவைக்கான எம்.சி.எச். படிப்பு தொடங்கியது. இந்தியாவில் இந்தத் துறைக்கு அதுவே முதல் உயர் சிறப்புப் படிப்பு. பொது அறுவையில் எம்.எஸ். முடித்தவர் மேலும் சில ஆண்டுகள் புற்றுநோய் அறுவை மட்டுமே பயின்றார். வேறு நாடுகளுக்குப் போய்க் கற்று வர வேண்டிய நிலை அதன் பின் மாறியது.

இதற்கிடையே அறுவை நுட்பமும் மாறிவிட்டது. 1982இல் அறுவை நிபுணர் பில் ஹீல்ட், மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புறையைக் கிழியாமல் முழுதாக அகற்றும் முறையை விவரித்தார். கட்டி அதே இடத்தில் மீண்டும் வருவது குறைந்தது. குடலின் முனைகளை இணைக்கும் ஸ்டேப்லர் கருவியால் பலருக்கு நிரந்தர மலவாய் தேவையற்றதாயிற்று. ஆனாலும் குடலை இணைத்த இடம் கசிந்தால் ஆபத்து பழையபடியே காத்திருக்கிறது. கொல்வது கிருமி மட்டுமல்ல, அதை எதிர்க்கக் கிளம்பும் உடலின் அழற்சியும்தான் என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. நோயெதிர்ப்பு அணுக்கள் அளவுமீறிச் சுரக்கும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்கள் ரத்தக் குழாய்களைக் கசியவைக்கின்றன, ரத்த அழுத்தத்தைச் சரியவைக்கின்றன, சிறுநீரகத்தையும் நுரையீரலையும் செயலிழக்கச் செய்கின்றன. 2016இல் வெளியான சர்வதேச வரையறை, கிருமித்தொற்றுக்கு உடல் கட்டுப்பாடிழந்து எதிர்வினையாற்றி உறுப்புகள் பழுதாவதையே செப்சிஸ் என்கிறது. அறுவைக்குப் பின் மூன்றாம் நாள் முதல் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதத்தின் அளவைப் பார்த்துவருவது, நாடித்துடிப்பு காரணமின்றி ஏறினால் தையல் கசிவைச் சந்தேகிப்பது ஆகியவை பயிற்சி மருத்துவரின் அன்றாட வேலைகள்.

முத்துலட்சுமி 1968 ஜூலையில் காலமானார். அவர் பிறந்த புதுக்கோட்டை 1974இல் தனி மாவட்டம் ஆனது. ஆனால் மருத்துவக் கல்லூரி வர மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெரிய அறுவை என்றால் இந்த மாவட்டத்தின் அறந்தாங்கிக்காரரும் ஆலங்குடிக்காரரும் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ மதுரைக்கோதான் போக வேண்டியிருந்தது; மருத்துவம் படிக்க விரும்பிய பிள்ளைகளுக்கும் அதே பயணம். 2017இல் 150 மாணவர் இடங்களோடு புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 1907இல் சென்னைக்குப் போய்த்தான் கற்க முடிந்த அறுவை மருத்துவத்தை இப்போது புதுக்கோட்டைப் பெண்கள் சொந்த ஊரின் வார்டுகளிலேயே ஹவுஸ் சர்ஜனாக நின்று கற்கிறார்கள்.