மணமும் வமிச உரிமையும்: தில்லையும் வடலூரும்

வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1377ஆம் ஆண்டில் எழுதிய ‘முகத்திமா’ என்னும் பெருநூலில் குடும்பப் பெருமையின் ஆயுளை அளந்து காட்டினார். ஒருவன் பாடுபட்டுப் பெருமையை ஈட்டுகிறான். மகன் அவனருகிருந்து கற்கிறான். பேரன் கேட்டதைப் பின்பற்றுகிறான். கொள்ளுப்பேரனோ, அப்பெருமை தன் பிறப்போடு வந்ததெனக் கருதி அதனை இழக்கிறான். ஐந்தாறு தலைமுறை நிற்கும் குடிகளும் உண்டெனினும், அவை தேய்ந்தே நிற்கும் என்பது அவர் முடிவு.

இவ்விதிக்கு அடங்காத ஒரு குடியைச் சிதம்பரத்தில் காண்கிறோம். தில்லை மூவாயிரவர் எனப்பெற்ற பொது தீட்சிதர்கள் நடராசர் கோயிலின் பூசையையும் நிருவாகத்தையும் நூற்றாண்டுகளாகத் தம் கையில் வைத்துள்ளனர். இது தந்தை மகனுக்கு விட்டுச்செல்லும் தனிச்சொத்தன்று. தீட்சிதர் குடியில் பிறந்த ஆண் திருமணம் செய்த பின்னரே பூசை முறையும் நிருவாகத்தில் குரலும் பெறுகிறான். மணமோ அக்குடிக்குள்ளேயே நிகழ்கிறது. ஆகவே பெண் கொடுப்பதும் கொள்வதும் கோயிலுரிமையைக் காக்கும் வேலியாயின. உள்ளே மணமானவர் அனைவர்க்கும் ஒத்த உரிமை. வெளியாருக்கு வழியே இல்லை. ஒரு குடும்பம் நொடித்தாலும் உரிமை நொடிவதில்லை. அரசு நிருவாக அதிகாரியை நியமித்ததை எதிர்த்த வழக்கில் 2014 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீட்சிதர்கள் பக்கமே தீர்ப்பளித்தது.

அதே கடலூர் மாவட்டத்து வடலூரில் வேறொரு முயற்சி நடந்தது. 1823இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் கிராமக் கணக்கரின் மகனாகப் பிறந்தவர் இராமலிங்க அடிகள். உறவினர் வற்புறுத்தித் தமக்கை மகளையே அவருக்கு மணமுடித்து வைத்தனர். இல்லறத்தில் அவர் மனம் செல்லவில்லை. 1867இல் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலைக்குப் பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ எண்பது காணி நிலம் ஈந்தனர். 1872இல் சத்திய ஞானசபையை அமைத்தபோது, உட்சென்று தூய்மை செய்து விளக்கேற்றும் பணிக்குப் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோரையும் எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டோரையுமே அவர் குறித்தார்.

இவ்விதியின் நுட்பம் எண்ணத்தக்கது. தில்லையில் மணம் தகுதியாகிறது. இங்கோ மணப்பருவத்துக்கு முன்னும், இல்லறக் கவலை ஓய்ந்த பின்னும் உள்ள வயதே தகுதி. சிறுவன் வளர்ந்ததும் பணி அவனைவிட்டு நீங்கும். முதியவரிடம் அது நெடுங்காலம் தங்காது. வயதை எவரும் தம் மகனுக்கு எழுதிவைக்க இயலாது.

எனினும் 1874இல் அடிகள் மேட்டுக்குப்பத்தில் மறைந்த பின்னர், அந்த ஞானசபையிலும் பூசை உரிமை வமிசவழிப்பட்டது. அவர் விதிக்காத லிங்க வழிபாடும் புகுந்தது. அதனை நீக்க 2006இல் அறநிலையத்துறை ஆணையிட்டது. 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாணையை உறுதிசெய்தது. வமிசப்பற்றுக்கு இடங்கொடாத விதியை வகுத்தும், அதைக் காப்போர் இல்லாதபோது அப்பற்றே வென்றது.

இதைப் பிறர் கதையென நாம் ஒதுக்கலாகாது. நாகூர் தர்காவின் அறங்காவல் உரிமையும் வமிசவழியில் வருவதே. நம்மூர்ப் பள்ளிவாசல் நிருவாகத்திலும் மத்ரஸாவிலும் பொறுப்புக்கு ஆள் தேடும்போது, “யார் மகன், யார் மருமகன்?” என்ற கேள்வி முந்துகிறதா, “என்ன தகுதி?” என்ற கேள்வி முந்துகிறதா என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் தன்னைக் கேட்டுக்கொள்வது கடன்.