பொது இடம் தானே டீச்சர்?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வாசித்துவிட்டு உங்கள் வீட்டு இளைஞர்களுக்கும் காட்டுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை எட்டுப் பெண்பிள்ளைகளை நீச்சல் தடாகத்துக்கு அழைத்துப்போனேன். எந்தத் தடாகம் என்று சொல்லமாட்டேன், குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எட்டுப் பேரும் அன்றுதான் மூன்றாவது தடவையாகத் தண்ணீரில் இறங்கினார்கள். பழகுபவர்களுக்கென்று கயிறு கட்டி ஒதுக்கிய ஓரப் பாதையில், சுவரைப் பிடித்துக்கொண்டு கால் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அப்போது நாலைந்து இளைஞர்கள் கரையில் ஓடிவந்து அந்தப் பாதைக்குள்ளேயே குதித்தார்கள். ஒருவர் குதித்த இடத்துக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றின் தலைக்கும் இடையில் ஒரு முழம் கூட இருக்கவில்லை. பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டாள். தூக்கி எடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அழுதுகொண்டு போய் உடுப்பு மாற்றியவள் அதற்குப் பிறகு தண்ணீரில் இறங்கவில்லை.

கோபத்தோடு போய்ப் பார்த்தால் அதில் இருவர் என்னிடம் படித்த பிள்ளைகள். எங்கள் ஊர், எங்கள் ஆட்கள். ஏசினேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள்: "பொது இடம் தானே டீச்சர்? நாங்களும் காசு குடுத்துத்தானே வந்தோம்."

வரலாறு படிப்பிக்கிறவள் நான். அந்த வாய்க்கு அன்று என்னிடம் பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

முதலில், எங்கள் மாவட்டத்துக்கு நீச்சல் ஏன் முக்கியம்? 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலைக்குள்ளால் சுரங்கம் வெட்டி, அந்தத் தண்ணீரை உக்குவளை மின் நிலையம் ஊடாகச் சுது கங்கையில் விட்டார்கள். அங்கிருந்து அது அம்பன் கங்கை, போவத்தென்ன என்று போய் வடக்கின் வயல்களுக்குச் சேர்கிறது. மழை பெய்தால் மட்டும் பெருகிய ஆறு, அன்றிலிருந்து மேலே தண்ணீர் திறந்தாலும் பெருகும் ஆறாகியது. ஆறு, அருவி, குளம், நீர்த்தேக்கம் எல்லாம் சூழ்ந்த மாவட்டம் எங்களுடையது. விடுமுறை காலத்தில் "குளிக்கப் போன இடத்தில்" என்று தொடங்கும் ஜனாஸா அறிவித்தல் எத்தனை கேட்டிருக்கிறோம்! ஆண்பிள்ளைகளாவது ஆற்றில் விழுந்து எழும்பி நீந்தப் பழகுகிறார்கள். பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்தவுடன் ஆற்றங்கரைப் பக்கமே போவதில்லை. நானும் அப்படி வளர்ந்தவள்தான். முப்பது தாண்டிய பிறகுதான் மிதக்கப் பழகினேன். எங்கள் பெண்பிள்ளைகளுக்குத் தடாகத்தை விட்டால் பழக வேறு இடம் இல்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

எங்கள் மாவட்டத்திலேயே, சீகிரியாவில், காசியப்பன் (கி.பி. 477–495) காலத்து நீர்த் தோட்டம் இருக்கிறது. சமச்சீராக அமைத்த தடாகங்கள், நிலத்துக்கு அடியால் போகும் குழாய்கள், மழைக்காலத்தில் இன்றும் நீர் பீச்சும் ஊற்றுகள், குன்றின் உச்சியில் பாறையைக் குடைந்த பெரிய தடாகம் ஒன்று. சுற்றுலா கூட்டிப்போகும்போது பிள்ளைகளிடம் நான் கேட்பேன்: "இதில் யார் குளித்திருப்பார்?" "ராஜா" என்பார்கள். சரியான விடை. அது ஒரு மன்னனுக்கும் அவனைச் சேர்ந்தவர்களுக்குமான தண்ணீர். இறங்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை.

அனுராதபுரத்தின் குட்டம் பொக்குண வேறு மாதிரி. அபயகிரி விகாரையின் பிக்குகள் சேர்ந்து பயன்படுத்திய இரட்டைக் குளம் அது. அங்கே தண்ணீர் நேரே குளத்துக்குள் வராது. முதலில் சிறு தொட்டிகளில் தங்கி, மண்ணும் சேறும் அடியில் படிந்த பிறகே மகர வாயால் உள்ளே விழும். பலர் இறங்கும் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று ஆயிரம் வருடங்களுக்கு முன்பே யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் பள்ளிவாசல் ஹவுழையும் நினைத்துப் பாருங்கள். சின்ன வயதில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறேன். யாரும் காலை ஹவுழுக்குள் விடமாட்டார்கள். கையால் அள்ளி, வெளியே வடிகிற மாதிரிக் கழுவுவார்கள். வாய் கொப்பளித்த தண்ணீர் உள்ளே விழாது. வயதானவர் வந்தால் இடம் விட்டு நகர்வார்கள். தேங்கிய தண்ணீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று மத்ரஸாவில் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த ஹதீஸ் ஹவுழோடு முடிந்துபோவதில்லை. குளோரின் போட்ட நீலத் தடாகமும் தேங்கிய தண்ணீர்தான். தடாகத்தில் கண் எரிகிறது, மூக்கைத் துளைக்கிறது என்கிறோமே, அது குளோரின் கூடியதால் மட்டும் வருவதில்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் பெரும்பாலும் அந்த மணமும் எரிவும். இறங்க முன் ஷவரில் உடம்பைக் கழுவச் சொல்வது இதனால்தான்.

டமஸ்கஸ், கெய்ரோ, பக்தாத் போன்ற நகரங்களில் ஹம்மாம் என்ற பொதுக் குளியல் இல்லங்கள் நிறைய இருந்தன. 1111இல் வஃபாத்தான இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யா நூலில் ஹம்மாமுக்குப் போகிறவரின் ஒழுக்கத்தைத் தனியாகவே எழுதியிருக்கிறார். உடலை மறைப்பது, பார்வையைத் தாழ்த்துவது ஆகியவற்றோடு தேவைக்கு மேல் தண்ணீர் எடுக்கக்கூடாது என்பதும் அதில் வருகிறது. பக்கத்தில் இருப்பவருக்கும் அதே தண்ணீர்தான் வேண்டும் அல்லவா? 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் எழுதப்பட்ட சந்தைக் கண்காணிப்பாளர் கைந்நூல் ஒன்று, ஹம்மாமை நாளைக்குப் பல தடவை கழுவிச் சுத்தம் செய்விப்பது முஹ்தஸிபின் கடமை என்கிறது. ஒழுக்கத்தை ஆளாளின் மனதுக்கு மட்டும் விட்டுவிடவில்லை. பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் வைத்தார்கள்.

தோட்டப் பக்கம் பீலிக்கும் ஒரு சட்டம் இருந்தது. எங்கள் உம்மம்மாவின் வீடு ஒரு தோட்டத்தை ஒட்டி இருந்தது. லயத்துப் பெண்களும் எங்கள் வீட்டுப் பெண்களும் ஒரே பீலியில்தான் தண்ணீர் பிடித்தார்கள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போனால் அந்த இடத்தை யாரும் தொடமாட்டார்கள். கைக்குழந்தைக்காரி வந்தால் முன்னுக்கு விடுவார்கள். உடுப்புத் துவைப்பவர் கீழே, குடிக்கப் பிடிப்பவர் மேலே. எந்தப் பலகையிலும் இதை எழுதி வைக்கவில்லை.

இங்கிலாந்தில் கதை கொலராவில் தொடங்குகிறது. 1832இல் லிவர்பூலில் கொலரா பரவியபோது கிட்டி வில்கின்சன் என்ற ஏழைப் பெண், தன் வீட்டுக் கொதிகலனை அயலவர் துணி துவைக்கத் திறந்துவிட்டார். 1842இல் அந்த நகரில் பொதுச் சலவை, குளியல் நிலையம் வந்தது. 1846இல் பாராளுமன்றம் அதற்கென்று சட்டம் போட்டது. பிறகு ஊருக்கு ஊர் பொதுத் தடாகங்கள் எழும்பின. ஆனால் முதலாம் வகுப்புக்கு ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒன்று. வடிகட்டும் வசதி வருவதற்கு முன் பல இடங்களில் தண்ணீரைக் கிழமைக்கு ஓரிரு தடவைதான் மாற்றுவார்கள். புதுத் தண்ணீர் நாளில் கட்டணம் கூட, அழுக்கான நாளில் குறைவு. காசில்லாதவர் மற்றவர்களின் அழுக்கில் குளித்தார்.

இனி அந்தப் பிள்ளைகள் சொன்ன "பொது" என்ற சொல்லுக்கு வருகிறேன்.

1938இல் தொடங்கிய கொழும்பு நீச்சல் கழகம் நீண்ட காலம் ஐரோப்பியருக்கு மட்டும் உரியதாக இருந்தது. எங்கள் நாட்டில், எங்கள் கடற்கரை ஓரத்தில், எங்கள் ஆட்களுக்கு இடமில்லை. இந்தியாவில் மகாட் என்ற ஊரின் சவுதார் குளம் பெயருக்குப் பொதுக் குளம். தாழ்த்தப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்று 1920களில் சட்டசபையும் நகரசபையும் தீர்மானம் போட்ட பிறகும் யாரும் அவர்களைக் கிட்ட விடவில்லை. 1927 மார்ச் 20ஆம் திகதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதற்காக அடி வாங்கினார்கள். குளத்துக்குத் "தீட்டுக்" கழித்தார்கள். 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. அவுஸ்திரேலியாவின் மோரீ என்ற ஊரில் பழங்குடிப் பிள்ளைகளை நகரத் தடாகத்தில் சேர்க்கமாட்டார்கள். 1965 பெப்ரவரியில் சார்ள்ஸ் பெர்கின்ஸ் என்ற பழங்குடி மாணவரும் அவரது பல்கலைக்கழகத் தோழர்களும் அந்தப் பிள்ளைகளைக் கையோடு கூட்டிக்கொண்டு தடாக வாசலில் போய் நின்றார்கள். அவர்களைச் சுற்றிப் பெரிய கூட்டம் கூடி முட்டை எறிந்தது.

நான் படித்த புத்தகங்களில் "பொது" என்ற சொல் இப்படித்தான் வருகிறது. வெளியே நிறுத்தப்பட்டவர் உள்ளே வருவதற்காகப் பயன்படுத்திய சொல் அது. உள்ளே இருக்கும் பலசாலி, பலவீனமானவரை வெளியே தள்ளுவதற்கு அதே சொல்லைச் சொன்னால் எப்படி? அன்று அந்தப் பிள்ளை அழுதுகொண்டு வெளியேறிய பிறகு அந்தத் தடாகம் அவளுக்குப் பொது இடமாக இருக்கவில்லை. பூட்டுப் போட்ட கதவும் குதிக்கிற அண்ணன்மாரும் அவளுக்கு ஒன்றுதான்.

பாதை பிரிக்கும் கயிறு வந்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஆரம்ப ஒலிம்பிக் போட்டிகளில் கடலிலும் துறைமுகத்திலும் கூட நீந்தினார்கள். 1924இல் பரிஸில்தான் 50 மீற்றர் தடாகத்தில் பாதைகள் பிரித்து நீந்தினார்கள். 1936இல் தங்கம் வென்ற அடோல்ஃப் கீஃபர், 1960களில் அலையை அடக்கும் மிதவைக் கயிறுகளைச் செய்தார். பக்கத்துக்காரன் கிளப்பும் அலை என் முகத்தில் அடிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பந்தயத்தில் ஒரு பாதைக்கு 2.5 மீற்றர் அகலம், அதில் ஒருவர். எங்கள் தடாகங்களில் அதே அகலத்தில் ஐந்தாறு பேர். ஆகவே சுற்றி நீந்தும் முறை வந்தது: ஒரு பக்கத்தால் போய் மறு பக்கத்தால் திரும்புவது. வீதியில் நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோமே, அதே கணக்கு. பிரித்தானியாவில் பல தடாகங்களில் ஒரு பாதை வலஞ்சுழியாகவும் அடுத்தது இடஞ்சுழியாகவும் ஓடும். அப்படிச் செய்தால் கயிற்றின் இரு பக்கமும் ஒரே திசையில் போவார்கள், கை கையோடு மோதாது.

என் பிழையையும் சொல்லவேண்டும். நான் பழகத் தொடங்கிய புதிதில் பாதையின் முடிவில், சுவர் நடுவில் நின்று தோழியோடு கதைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் நீந்திவந்த வயதான சிங்களப் பெண் ஒருவர் திரும்ப இடமில்லாமல் மூன்று தடவை நின்றிருக்கிறார். நான் கவனிக்கவே இல்லை. நாலாவது தடவை, "துவ, மூலைக்குக் கொஞ்சம் ஒதுங்குங்க" என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். வெட்கமாகப் போய்விட்டது. கெட்ட எண்ணத்தில் நின்றவள் இல்லை நான். பின்னால் ஒருவர் வருவார் என்ற நினைப்பே எனக்கு இருக்கவில்லை. அந்த இளைஞர்களும் அப்படித்தான் என்று நம்புகிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

ஆகவே தம்பிமாரே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்:

இறங்க முன் உடம்பைக் கழுவுங்கள். உங்கள் வேகத்துக்கு ஏற்ற பாதையில் இறங்குங்கள். பழகுபவர் பாதை பழகுபவருக்கு. பாதையில் ஏற்கெனவே இருப்பவர் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார் என்று பார்த்து, அதே பக்கமாகச் சுற்றுங்கள். களைத்தால் நடுவில் நிற்காமல் முடிவுக்கு வந்து மூலையில் ஒதுங்குங்கள். வேகமானவர் பின்னால் வந்தால் சுவரடியில் நின்று அவரை முன்னுக்கு விடுங்கள். ஆள் இருக்கும் இடத்தில் குதிக்காதீர்கள். பெண்களின் நேரம் தொடங்குவதற்கு விசில் ஊதினால் "இன்னும் ஒரு ரவுண்ட்" என்று இழுக்காமல் ஏறுங்கள். அந்த நேரத்துக்காகக் கிழமை முழுக்கக் காத்திருந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

பெற்றோரே, பிள்ளைகள் கரையில் ஓடும்போது கைபேசியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

அந்தப் பிள்ளையின் உம்மாவோடு இரண்டு தடவை கதைத்தேன். வருகிற சனிக்கிழமை அனுப்புகிறேன் என்கிறார். பிள்ளை இன்னும் சம்மதிக்கவில்லை. "அந்த நானாமார் வருவாங்களா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன்.

தம்பிமாரே, அன்று காலை நீங்களும் வாருங்கள். அவளது பாதையின் ஓரத்தில், கரையில் உட்கார்ந்து, வேறு யாரும் அங்கே குதிக்காமல் ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொள்ளுங்கள். வருவதென்றால் இன்பொக்ஸில் ஒரு வார்த்தை போடுங்கள், பிள்ளையிடம் நான் சொல்லிவைக்கிறேன்.